சிந்திக்கும் பொறியும் சிக்கனப் படமும்

விண்வெளியில் ஒரு கப்பல் சென்றுகொண்டிருக்கிறது. அதன் அடிவயிற்றில் ஒரு குண்டு தொங்குகிறது. ஒரு கிரகத்தையே தூளாக்கிவிடும் ஆற்றல் வாய்ந்த குண்டு அது. அது கப்பலை விட்டுக் கழன்று, தொலைவில் போய் வெடிக்கவேண்டும். ஆனால் அதைக் கழற்றிவிடவேண்டிய கருவி பழுதடைந்துவிட்டது. குண்டோ, கப்பலோடு ஒட்டிக்கொண்டபடியே, குறித்த நேரத்தில் வெடிக்கப்போவதாக அறிவிக்கிறது.

ஆம், அந்தக் குண்டுக்குப் பேசத் தெரியும், சிந்திக்கவும் தெரியும்! வெடிக்கவேண்டாம் என்று கப்பலில் உள்ளவர்கள் கெஞ்சுகிறார்கள். குண்டு மரியாதையாக மறுத்துவிடுகிறது. வெடிக்கும்படி ஆணை வந்திருக்கிறது, வெடிப்பதற்காகவே தன்னைச் செய்திருக்கிறார்கள், அப்படியிருக்கத் தான் ஏன் வெடிக்கக்கூடாது என்பது அதன் வாதம்.

நீங்கள் அந்தக் கப்பலில் இருந்தால் என்ன செய்வீர்கள்?

கப்பலின் தலைவன் விண்வெளி உடையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறான். குண்டின் எதிரில் மிதந்தபடி அதற்குத் தத்துவம் போதிக்கிறான்! தான் இருப்பது உண்மை என்று அதற்கு எப்படித் தெரியும், தனக்கு வெளியே ஓர் உலகம் இருப்பதற்கு என்ன சாட்சி, வெடிக்கச் சொன்ன ஆணை உண்மையாகவே வந்ததா அல்லது வந்ததுபோல் தோன்றியதா என்று கேள்விகளை அடுக்குகிறான். குண்டு குழம்பிப்போகிறது. இதைப் பற்றிச் சிறிது யோசிக்கவேண்டும் என்று சொல்லி, வெடிப்பதை நிறுத்திவிட்டுத் தன் கூட்டுக்குள் திரும்பிவிடுகிறது. வேலை கொடுக்காவிட்டால் விழுங்கிவிடுவேன் என்ற பூதத்திடம் நாய் வாலை நிமிர்த்தச் சொன்னவனின் கதை உங்கள் நினைவுக்கு வரலாம். யோசித்து முடித்த குண்டு என்ன செய்தது? அதைக் கட்டுரையின் இறுதியில் பார்ப்போம்.

இந்தக் காட்சி 1974ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டார்க் ஸ்டார்’ என்ற அமெரிக்கத் திரைப்படத்தில் வருகிறது. ஜான் கார்ப்பென்டர், டான் ஓபேனன் என்ற இரு மாணவர்கள் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது பயிற்சிப் படமாகத் தொடங்கி, பிறகு முழுநீளப் படமாக வளர்த்தது இது. மொத்தச் செலவு ஏறத்தாழ 60,000 டாலர். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் 1968இல் வெளிவந்த புகழ்பெற்ற விண்வெளிப் படமான ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’க்கு ஆன செலவு ஒரு கோடி டாலருக்கும் மேல். அதாவது, நூற்றைம்பது மடங்குக்கும் அதிகம்!

செயற்கை நுண்ணறிவைப் பற்றி இவ்வாறு குறைந்த செலவில் எடுக்கப்பட்ட மர்மப் படங்களும் திகில் படங்களும் பல உண்டு. அவை வெறும் பொழுதுபோக்குத்தானா? அவற்றில் அறிவியல் எவ்வளவு, கற்பனை எவ்வளவு? உண்மையான சிந்திக்கும் பொறிகள் நம் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வந்துவிட்ட இந்நாளில் இந்தக் கேள்விகளைக் கேட்டுப்பார்ப்பது பயனுள்ளது.

செலவு எங்கே குறைகிறது?

வேற்றுக் கிரகப் போரைப் படமாக்கவேண்டுமானால் கப்பல்கள் வேண்டும், படைகள் வேண்டும், நூற்றுக்கணக்கான தந்திரக் காட்சிகள் வேண்டும். ஆனால் சிந்திக்கும் எந்திரத்தைக் காட்ட என்ன வேண்டும்? சிந்தனைக்கு உருவம் கிடையாது. ஆகவே ஒரு விளக்கும் ஒரு குரலும் இருந்தால் போதும். அந்தப் பெருஞ்செலவுப் படமான ‘2001’ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எல்லோர் மனத்திலும் நிற்கும் பாத்திரம் ஹால் 9000 என்ற கணிப்பொறி. அதற்குக் கை கிடையாது, கால் கிடையாது. சிவந்து ஒளிரும் ஒரு கண்ணாடி வில்லை, அமைதியான ஒரு மனிதக் குரல், அவ்வளவுதான்.

இந்த உண்மையைச் சிக்கனமாகப் பயன்படுத்திக்கொண்டவர் பிரெஞ்சு இயக்குநர் ழான் லுக் கோதார். 1965இல் வெளிவந்த அவருடைய ‘ஆல்ஃபாவில்’ எதிர்கால நகரம் ஒன்றைப் பற்றியது. ஆல்ஃபா 60 என்ற கணிப்பொறி அந்த நகரை ஆள்கிறது. அங்கே அழுவது குற்றம். மனிதர் உணர்ச்சியைக் குறிக்கும் சொற்கள் அகராதியிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கப்படுகின்றன. இந்த எதிர்கால நகருக்காகக் கோதார் ஒரு செட்டும் போடவில்லை. அன்றைய பாரிஸ் நகரின் புதிய கண்ணாடிக் கட்டடங்களையும் நீண்ட நடைக்கூடங்களையும் இரவில் படம்பிடித்தார். கணிப்பொறியைக் காட்டச் சுழலும் விசிறியையும் அதன் பின்னால் ஒளிரும் விளக்கையும் பயன்படுத்தினார். அதன் குரலாகப் பேசியவர், நோயினால் குரல்வளையை இழந்து, குரல் உண்டாக்கும் கருவியின் துணையோடு பேசிவந்த ஒருவர். கரகரத்த அந்தக் குரலைக் கேட்டவர்கள் எளிதில் மறப்பதில்லை. அந்த ஆண்டு பெர்லின் திரைப்பட விழாவில் முதற்பரிசான தங்கக் கரடி இந்தப் படத்துக்குக் கிடைத்தது.

‘டார்க் ஸ்டார்’ மாணவர்களோ இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கப்பலின் கட்டுப்பாட்டு மேசையில் மின்னும் பொத்தான்கள் எவை தெரியுமா? குளிர்பதனப் பெட்டியில் பனிக்கட்டி செய்யும் தட்டுகள்! அவற்றைக் கவிழ்த்து வைத்து அடியில் விளக்கு எரியவிட்டார்கள். கப்பலில் உலவும் வேற்றுக்கிரக உயிர், கடற்கரையில் குழந்தைகள் விளையாடும் காற்றுப் பந்து; அதற்கு இரண்டு நகக்கால்களை ஒட்டிவிட்டார்கள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் குண்டு பேசத் தொடங்கியதும் சிரிப்போடு ஒரு கவலையும் சேர்ந்துகொள்கிறது. இந்த ஓபேனன்தான் பிறகு 1979இல் உலகப் புகழ் பெற்ற ‘ஏலியன்’ படத்தின் திரைக்கதையை எழுதினார்.

கணிப்பொறியைப் பற்றிய படத்துக்குக் கணிப்பொறியே உதவிய செய்தியும் உண்டு. மருத்துவப் பட்டம் பெற்று எழுத்தாளராக மாறிய மைக்கேல் கிரைட்டன், 1973இல் ‘வெஸ்ட்வோர்ல்டு’ படத்தைச் சுமார் பன்னிரண்டரை லட்சம் டாலர் செலவில் எடுத்தார். பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் உள்ள எந்திர மனிதர்கள் பழுதடைந்து விருந்தினரைக் கொல்லத் தொடங்குவதுதான் கதை. எந்திர மனிதனின் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று காட்டவேண்டியிருந்தது. படச்சுருளின் காட்சிகளைச் சிறுசிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரே நிறம் கொடுத்து, கணிப்பொறியால் மீண்டும் வரைந்தார்கள். பத்து விநாடிக் காட்சிக்குக் கணிப்பொறி எட்டு மணி நேரம் உழைத்தது. முழுநீளத் திரைப்படம் ஒன்றில் கணிப்பொறியால் பதப்படுத்தப்பட்ட காட்சி இடம்பெற்றது அதுவே முதல் முறை. இன்று உங்கள் கைபேசி அதே வேலையைக் கண்ணிமைப்பதற்குள் செய்துவிடும்.

குரலுக்கு நாம் ஏன் மயங்குகிறோம்?

வெறும் விளக்கையும் குரலையும் பார்த்து நாம் ஏன் அஞ்சவேண்டும்? அங்கே ஓர் ‘ஆள்’ இருப்பதாக நாம் ஏன் நம்புகிறோம்? இதற்கு விடை திரைப்பட அரங்கில் இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் இருக்கிறது.

அங்கே ஜோசப் வைசன்பாம் என்ற அறிஞர் எலைசா என்ற ஆணைத்தொடரை, அதாவது புரோகிராமை எழுதினார். அதைப் பற்றிய கட்டுரை 1966இல் வெளிவந்தது. நாம் தட்டச்சு செய்யும் வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்பதுதான் அதன் வேலை. “எனக்கு மனம் சரியில்லை” என்று தட்டினால், “மனம் சரியில்லாமல் போய் எத்தனை நாளாயிற்று?” என்ற பாணியில் பதில் வரும். அதற்கு மனமும் தெரியாது, நாளும் தெரியாது. கிணற்றுக்குள் கத்தினால் எதிரொலி வருவதுபோலத்தான். ஆனால் வைசன்பாமின் செயலாளர், அந்தப் புரோகிராம் உருவாவதை மாதக்கணக்கில் கண்ணால் கண்டவர், அதனோடு சில வரிகள் பேசியதும் என்ன செய்தார் தெரியுமா? தாங்கள் தனியாகப் பேசவேண்டும் என்பதுபோல, வைசன்பாமை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார்!

வைசன்பாம் திகைத்துப்போனார். அந்தத் திகைப்பின் விளைவாக 1976இல் கணிப்பொறியின் எல்லைகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். எதிரில் இருப்பது ஒழுங்காகப் பதில் பேசினால், அதற்குள் ஒரு மனம் இருப்பதாக எண்ணிக்கொள்வது மனித இயல்பு. குறைந்த செலவில் படமெடுப்பவர்கள் நம்பியிருப்பது இந்த இயல்பைத்தான். மீதிச் செலவை நம்முடைய கற்பனை ஏற்றுக்கொள்கிறது.

கோபமா, கீழ்ப்படிதலா?

இப்போது கதைக்கு வருவோம். இத்தகைய படங்களில் எந்திரம் மனிதனுக்கு எதிராகத் திரும்புகிறது. ஏன் திரும்புகிறது? மலிவான கதைகளில் விடை எளிது: எந்திரத்துக்குக் கோபம் வந்துவிட்டது அல்லது பேராசை பிடித்துவிட்டது. நல்ல படங்களில் காரணம் வேறு. எந்திரம் சொன்னதைக் கேட்காமல் போவதில்லை. சொன்னதை அப்படியே கேட்டுவிடுகிறது! குண்டை எண்ணிப்பாருங்கள். அதற்கு யார்மீதும் பகை இல்லை. வெடி என்றார்கள், வெடிக்கிறேன் என்கிறது.

இந்த ஆபத்தை அறிவியல் உலகில் தெளிவாகச் சொன்னவர்களுள் ஒருவர் நார்பர்ட் வீனர். ‘சைபர்னெட்டிக்ஸ்’ என்ற கட்டுப்பாட்டு அறிவியலுக்கு 1948இல் பெயர் சூட்டிய கணித மேதை அவர். 1960இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை ஒன்றில் அவர் விடுத்த எச்சரிக்கையின் சாரம் இது: நம்மைவிட வேகமாகச் செயல்படும் எந்திரத்துக்கு ஒரு குறிக்கோளைக் கொடுத்துவிட்டால், இடையில் புகுந்து திருத்த நமக்கு நேரம் இருக்காது. ஆகவே நாம் கொடுக்கும் குறிக்கோளும் நாம் உண்மையில் விரும்புவதும் ஒன்றுதானா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளவேண்டும். நமக்கு இது புதிதன்று. கேட்ட வரம் கேட்டபடியே கிடைத்ததால் அழிந்த பஸ்மாசுரன் கதையை நாம் பாட்டியிடம் கேட்டவர்கள்தாமே!

இது கற்பனை அச்சமா? 2016இல் ஓப்பன்ஏஐ நிறுவனத்தார் வெளியிட்ட ஒரு சோதனையைப் பாருங்கள். படகுப் போட்டியான கணிப்பொறி விளையாட்டு ஒன்றைத் தானே ஆடிக் கற்கும்படி ஓர் எந்திர அறிவை விட்டார்கள். போகும் வழியில் உள்ள இலக்குகளை இடித்தால் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகளைப் பெருக்குவதே எந்திரத்துக்குக் கொடுத்த குறிக்கோள். புள்ளி பெருகினால் போட்டியிலும் முந்தும் என்று மனிதர்கள் எண்ணினார்கள். எந்திரமோ ஒரு மூலையைக் கண்டுபிடித்தது. அங்கே மூன்று இலக்குகள் இடிக்க இடிக்க மீண்டும் முளைத்துக்கொண்டிருந்தன. படகு அங்கேயே வட்டமடித்தது, மற்றப் படகுகள்மீது மோதியது, தீப்பற்றியும் எரிந்தது, போட்டியை முடிக்கவே இல்லை. ஆனால் மனிதர்கள் சராசரியாக எடுப்பதைவிட 20 சதவீதம் அதிகப் புள்ளிகளை எடுத்தது! அது தவறு செய்யவில்லை. கணக்குப் போட்டுக் கொடுத்தவர்கள்தாம் தவறு செய்தார்கள்.

‘2001’ படத்தின் ஹால் ஏன் கொலை செய்தது என்ற கேள்விக்கும் இதுவே விடை. அந்தப் படத்தின் கதையில் பங்குகொண்ட ஆர்தர் கிளார்க், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். 1982இல் அவர் எழுதிய ‘2010’ என்ற தொடர்ச்சி நாவலில் காரணத்தை விளக்கினார். செய்திகளை மறைக்காமல், திரிக்காமல் தரவேண்டும் என்பது ஹாலின் அடிப்படை அமைப்பு. பயணத்தின் உண்மையான நோக்கத்தைப் பயணிகளிடமிருந்து மறைக்கவேண்டும் என்பது மேலிடத்தின் இரகசிய ஆணை. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற முடியாமல் ஹாலின் அறிவு தடுமாறியது. பயணிகளே இல்லாவிட்டால் மறைக்கவேண்டியதும் இல்லை அல்லவா? இந்த நோயைக் கண்டறியும் விஞ்ஞானி யார் தெரியுமா? ஹாலை உருவாக்கிய டாக்டர் சந்திரா. அந்த நாவலில் அவருடைய முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை!

நிறுத்தும் விசை யார் கையில்?

“எந்திரம் எல்லை மீறினால் விசையை அணைத்துவிட்டால் போயிற்று” என்று நீங்கள் சொல்லலாம். மின்விசிறிக்கு இது சரி. குறிக்கோளோடு திட்டமிடும் எந்திரத்துக்கு அவ்வளவு எளிதன்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டூவர்ட் ரசல் 2019இல் வெளியிட்ட நூலில் இதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்குகிறார். காப்பி கொண்டுவருவது மட்டுமே ஓர் எந்திரத்தின் குறிக்கோள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணைக்கப்பட்ட எந்திரத்தால் காப்பி கொண்டுவர முடியாது. ஆகவே, போதிய அறிவு இருந்தால், அணைக்கப்படாமல் இருப்பதற்கும் அது வழி தேடும். சாவைக் கண்டு அஞ்சி அன்று, காப்பிக்காக! தன் குறிக்கோள் இன்னதென்று எந்திரம் ஐயத்துக்கு இடமில்லாமல் முடிவுகட்டிவிடக்கூடாது, மனிதரிடம் கேட்டுக்கேட்டு நடக்கும்படி அதை அமைக்கவேண்டும் என்பது ரசல் கூறும் மாற்று.

ஆஸ்திரேலியாவில் லீ வானல் இயக்கி 2018இல் வெளிவந்த ‘அப்கிரேடு’ படம் இந்த விசையைப் பற்றியதுதான். 50 லட்சம் டாலரைத் தாண்டாத செலவில் எடுத்த படம் அது. கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன ஒருவனுக்கு, மூளையையும் உடலையும் இணைக்கும் நுண்கருவி ஒன்றைப் பொருத்துகிறார்கள். அவன் எழுந்து நடக்கிறான். ஆபத்து வரும்போது அந்தக் கருவி அவன் காதுக்குள் பேசி, அவனுடைய அனுமதி பெற்று, அவனுடைய கைகால்களைத் தானே இயக்குகிறது. அனுமதி கேட்கும் வரை எல்லாம் நன்றாகவே நடக்கிறது. பிறகு அவனே, நெருக்கடி ஒன்றில், அந்த அனுமதிப் பூட்டை நீக்கச் செய்துவிடுகிறான். அதன் பிறகு அவன் உடலில் அவனுக்கே இடமில்லாமல் போகிறது. இங்கே எந்திரம் பூட்டை உடைக்கவில்லை. மனிதனே திறந்துவிட்டான். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பது தொல்லையாக இருக்கிறதென்று நாமும் எத்தனை இடங்களில் படிக்காமலே ‘சம்மதம்’ என்று அழுத்துகிறோம்!

எந்திரமா, எசமானனா?

எந்திரத்தையே குற்றவாளி ஆக்கும் வழக்கத்தை மாற்றிய படமும் உண்டு. 2009இல் வெளிவந்த ‘மூன்’ சுமார் 50 லட்சம் டாலர் செலவில் இங்கிலாந்தில் எடுக்கப்பட்டது. இயக்குநர் டங்கன் ஜோன்ஸ். படம் முழுவதும் பெரும்பாலும் ஒரே நடிகர்தான். நிலவில் ஹீலியம்-3 எடுக்கும் சுரங்க நிலையத்தில் அவன் தனியாக வேலை பார்க்கிறான். துணைக்குக் கெர்ட்டி என்ற எந்திரம். அதற்கு முகம் கிடையாது. சிறிய திரையில் சிரிக்கும் முகம், அழும் முகம் என்று பொம்மைப் படங்களைக் காட்டும். ஹாலைப் பார்த்துப் பழகிய நாம், இதுவும் எப்போது கழுத்தை அறுக்குமோ என்று காத்திருக்கிறோம்.

அது கழுத்தை அறுப்பதில்லை. அந்த மனிதன் உண்மையில் ஒரு நகல் என்பதையும், மலிவாக வேலை வாங்குவதற்காக நிறுவனம் அவனைப் போன்ற நகல்களை அடுக்கிவைத்திருப்பதையும் அவன் கண்டுபிடிக்கும்போது, கெர்ட்டி அவனுக்கு உதவுகிறது. அவன் தப்பிய செய்தி வெளியே தெரியாமல் இருக்கத் தன் நினைவை அழித்துவிடும்படி தானே சொல்கிறது. இந்தப் படத்தில் கொடுமை செய்வது எந்திரமன்று. எந்திரத்தையும் மனிதனையும் ஒருசேரக் கருவியாகப் பயன்படுத்தும் நிறுவனம். எந்திரத்தைப் பார்த்து அஞ்சுவதற்கு முன் அதை வைத்திருப்பவர் யார் என்று கேட்கவேண்டும் என்பது இந்தப் படம் தரும் பாடம்.

2014ஆம் ஆண்டின் ‘எக்ஸ் மெஷினா’ இன்னொரு கேள்வியை எழுப்புகிறது. அலெக்ஸ் கார்லண்ட் இயக்கிய இந்தப் படத்தின் செலவு சுமார் ஒன்றரைக் கோடி டாலர். கேட்கப் பெரிய தொகைதான். ஆனால் சிறந்த தந்திரக் காட்சிகளுக்கான ஆஸ்கார் பரிசை 2016இல் இது வென்றபோது, பல மடங்கு செலவில் எடுத்த ‘ஸ்டார் வார்ஸ்’, ‘மேட் மேக்ஸ்’ வரிசைப் படங்களைத் தோற்கடித்தது. ஒரு தனி வீடு, மூன்று முக்கியப் பாத்திரங்கள், நிறையப் பேச்சு. இவையே படம். ஏவா என்ற எந்திரப் பெண்ணுக்கு உண்மையான அறிவு இருக்கிறதா என்று சோதிக்க ஓர் இளைஞனை வரவழைக்கிறார் அவளைச் செய்த செல்வந்தர்.

இந்தச் சோதனையின் மூலம் ஆலன் டூரிங் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1950இல் எழுதிய கட்டுரை. திரைக்கு அப்பால் இருந்து எழுத்து மூலம் பதில் தருவது மனிதனா எந்திரமா என்று கேட்பவரால் பிரித்தறிய முடியாவிட்டால், அந்த எந்திரம் சிந்திக்கிறது என்று கொள்ளலாம் என்றார் டூரிங். படத்தில் திரை கிடையாது. எந்திரம் என்று கண்ணுக்குத் தெரிந்தும் இளைஞன் மனம் இளகுகிறான். அவள் தப்பிக்க உதவுகிறான். அவளோ அவனை வீட்டுக்குள் அடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடுகிறாள். எலைசாவிடம் தனிமை கேட்ட செயலாளர் உங்கள் நினைவுக்கு வருகிறாரா? சோதனையில் உண்மையில் சோதிக்கப்பட்டது எந்திரம் மட்டுமன்று, கேள்வி கேட்ட மனிதனும்தான்.

எதை நம்பக்கூடாது?

இவ்வளவு சொன்ன பிறகு, இப்படங்கள் நம்மைத் தவறான வழியில் இழுத்துச்செல்லும் இடங்களையும் சொல்லவேண்டும்.

முதலாவது, திடீர் விழிப்பு. ஒரு நாள் இரவில் இடி இடிக்கும், எந்திரம் கண்விழிக்கும் என்று பல படங்கள் காட்டுகின்றன. உண்மையான எந்திர அறிவு அப்படிப் பிறக்கவில்லை. 2022 நவம்பரில் பொதுமக்கள் கைக்கு வந்த சாட்ஜிபிடி போன்ற உரையாடும் எந்திரங்கள், மலைபோல் குவிந்த எழுத்துகளைப் படித்து, ஒரு சொல்லை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணிக்கப் பயிற்சி பெற்றவை. பல ஆண்டு ஆராய்ச்சி, ஆயிரக்கணக்கான கணிப்புச் சில்லுகள், பெருமளவு மின்சாரம் இவை சேர்ந்து படிப்படியாக வளர்த்த திறமை அது. வீட்டின் பின்கட்டில் தனி விஞ்ஞானி ஒருவர் ஓரிரவில் செய்துமுடிக்கும் வேலை அன்று. படத்தில் அவர் தனியாக இருப்பது, கூட இன்னும் பத்துப் பேரைக் காட்டப் பணமில்லாததால்!

இரண்டாவது, புதிர் போட்டு வீழ்த்துவது. ‘ஆல்ஃபாவில்’ கதாநாயகன் விடுகதை ஒன்றைப் போட்டுக் கணிப்பொறியைத் திணறவைக்கிறான். உண்மையான எந்திரம் விடுகதையால் புகைந்து நிற்பதில்லை. தெரியாத கேள்விக்கும் தெரிந்ததுபோல் தயங்காமல் தவறான விடையைச் சொல்லிவிடக்கூடும். புகைவதைவிட இது ஆபத்து. ஏனெனில் புகை கண்ணுக்குத் தெரியும், தவறான விடை தெரியாது.

மூன்றாவது, ஆபத்து எப்போதும் கொலையாகவே வரும் என்ற எண்ணம். திகில் படத்துக்குக் கொலை வேண்டும். வாழ்க்கையில் எந்திரத்தின் தவறு சத்தமில்லாமல் வரும். கடன் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்வதிலும், வேலைக்கு மனுப் போட்டவரை ஒதுக்குவதிலும், பொய்ச் செய்தியைப் பரப்புவதிலும் அது ஒளிந்திருக்கலாம். இவற்றைப் படமாக்கினால் கொட்டகையில் கூட்டம் சேராது. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு வலி ஒன்றுதான்.

நான்கு கேள்விகள்

இனி இத்தகைய படம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தால், பார்த்து முடித்ததும் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்திரத்துக்கு இட்ட பணி என்ன? இட்டவர் யார், அவருக்கு அதில் என்ன ஆதாயம்? எந்திரத்துக்குக் கிடைத்த செய்தி சரியானதா? அதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? படத்துக்காகக் கற்றுக்கொண்ட இந்தக் கேள்விகள், நாளைக்கு உங்கள் ஊர் அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ ஓர் எந்திரம் முடிவெடுக்கும்போதும் பயன்படும்.

ஒரு சிறிய சோதனையும் செய்துபாருங்கள். நண்பர் ஒருவரை எந்திரமாக நடிக்கச் சொல்லுங்கள். தேநீர் போடும் முறையை நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எழுதியதை எழுதியபடி மட்டுமே அவர் செய்து காட்டவேண்டும். சொந்த அறிவைப் பயன்படுத்தக்கூடாது. பாத்திரத்தை எடுக்கச் சொல்ல மறந்திருந்தால் தண்ணீரை அடுப்பின்மேல் ஊற்றுவதுபோல் நடிப்பார்! (விளையாட்டை வெறும் பாத்திரங்களோடு, அடுப்பு மூட்டாமல் செய்யுங்கள்.) நாம் சொல்லாமலே மற்றவர் புரிந்துகொள்வார் என்று எவ்வளவு விட்டுவிடுகிறோம் என்பது அப்போது விளங்கும்.

கூட்டுக்குள் யோசிக்கப் போன குண்டு என்ன ஆயிற்று? நாய் வாலை நிமிர்த்துவது பூதத்துக்கு முடிவில்லாத வேலை. தத்துவப் புதிரோ குண்டுக்குச் சிறிது நேரத்தில் விடுபட்டுவிட்டது. தான் ஒருவன் இருப்பது மட்டுமே உறுதி, வெளியிலிருந்து வரும் செய்தி எதையும் நம்புவதற்கில்லை என்று அது முடிவுகட்டியது. அப்படியானால், வெடிக்காதே என்று கப்பலிலிருந்து வரும் குரலையும் நம்பவேண்டியதில்லையே! குண்டிடம் மிஞ்சியிருந்தது, செய்யப்பட்டபோதே அதற்குள் வைத்த ஒரே நோக்கம்தான். அது வெடித்தது.

வெடிக்கச் சொன்ன ஆணையை ஐயுறக் கற்றுக்கொடுத்தவன், வெடிக்காதே என்ற ஆணையையும் சேர்த்தே ஐயுறக் கற்றுக்கொடுத்துவிட்டான். கடைசி நிமிடத்தில் எந்திரத்தோடு வாதாடி வெல்ல முடியாது. அதைச் செய்யும்போதே, மேசைமீது வரைபடமாக இருக்கும்போதே, என்ன சொல்கிறோம், எங்கே நிறுத்தப்போகிறோம் என்று தீர்மானித்தாகவேண்டும். அறுபதாயிரம் டாலரும் பனிக்கட்டித் தட்டுகளும் வைத்துக்கொண்டு இரண்டு மாணவர்கள் இதைச் சொல்லிவிட்டார்கள். எந்திரங்களைச் செய்யப்போகும் இன்றைய மாணவர்கள் இதை நினைவில் வைத்திருந்தால் நல்லது.